இரண்டு முள்ளும் மூன்றாம் சாட்சியும்

இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு பின்தங்கினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் எந்த மாடு களைத்தது என்று கண்டுகொள்வார். இரண்டு இயந்திரங்கள் பூட்டிய ஆகாய விமானத்தில் அது அவ்வளவு எளிதன்று. விமானியின் கண்முன் இருப்பவை மானிகளின் முட்களே. இடப்பக்க முள்ளும் வலப்பக்க முள்ளும் வேறுபட்டு நின்றால், பழுது எங்கே உள்ளது? இக்கேள்விக்கு மனிதர் விடை கண்ட வரலாற்றை இன்று காண்போம்.

டர்போபிராப் என்பது, எரிவாயுவால் சுழலும் டர்பைன் சக்கரத்தின் வலிமையைக் கொண்டு முன்விசிறியைச் சுழற்றும் இயந்திரம் ஆகும். இவ்வகை இயந்திரம் பூண்ட விமானம் பயணிகள் சேவையில் முறையாக ஈடுபடத் தொடங்கியது 1953 ஏப்ரலில். அது பிரிட்டனின் வைக்கவுண்ட். அதன் நான்கு இயந்திரங்களும் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் டார்ட் வகையைச் சேர்ந்தவை. அதே டார்ட் இயந்திரங்கள் இரண்டைப் பூண்டு, ஹாலந்து நாட்டின் ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் 1955 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இந்தியாவில், கான்பூரில் உருவாக்கப்பட்டு 1961 நவம்பரில் பறந்த ஆவ்ரோ 748 விமானத்திற்கும் டார்ட் இயந்திரமே உயிர்நாடி.

நம் நாட்டிற்கு ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் வந்தது 1963-இல். அன்றைய மலாயன் ஏர்வேய்ஸ் அதனை வாங்கியது. 1965 ஆகஸ்டில் நமது சிலாங்கூர் மாநிலத்தில் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1998-இல் சிப்பாங்கில் புதிய பன்னாட்டு விமான நிலையம் வந்தபின், சுபாங் நெடுங்காலம் டர்போபிராப் விமானங்களின் நிலையமாக விளங்கிற்று. 2008-இல் ஃபயர்ஃபிளை நிறுவனம் ஏ.டி.ஆர். 72 விமானங்களை ஈடுபடுத்தியது. அவையும் இரட்டை டர்போபிராப் விமானங்களே.

இனி, மானிகளைப் பார்ப்போம். நம் செம்பனை ஆலைகளில் கொதிகலனின் அழுத்தமானியை நோக்கியபடி ஒருவர் நிற்பதைக் கண்டிருக்கிறோம். விமானியின் முன்னே ஒவ்வோர் இயந்திரத்திற்கும் இத்தகைய மானிகள் பல உண்டு. அவற்றுள் நான்கு முக்கியமானவை. விசிறியைத் திருப்பும் முறுக்கு விசை, காற்றை அழுத்தும் பகுதியின் சுழல் வேகம், டர்பைனை அடுத்த வாயுவின் வெப்பம், எரிபொருள் பாயும் அளவு ஆகியவையே அவை.

இரட்டை இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு. இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே காற்றில், ஒரே நேரத்தில் உழைக்கின்றன. ஆதலின் ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி. ஆனால், சாட்சிகள் இருவரும் முரண்பட்டால் யாரை நம்புவது? அப்போதுதான் மூன்றாம் சாட்சி தேவைப்படுகிறது. அதுவே நேற்றுவரை எழுதி வைத்த குறிப்பேடு. விமானம் சீராகப் பறக்கும் வேளையில் மானிகளின் அளவுகளைக் குறித்து வருவார்கள். தரையில் பொறியாளர்கள் அவற்றைக் கட்டத்தாளில் புள்ளிகளாக இடுவார்கள். எந்த இயந்திரம் தன் பழைய வழக்கத்திலிருந்து விலகியது என்பதைப் புள்ளிகளின் கோடு காட்டிக்கொடுக்கும். இன்று இப்பணியைக் கணினி செய்கிறது, முறை மாறவில்லை.

சபா, சரவாக் உட்பகுதிகளில் பறந்த டுவின் ஓட்டர் விமானத்தின் பி.டி.6 இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் இரண்டு இயந்திரங்களையும் ஒரே முறுக்கு விசைக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர் மற்ற மூன்று அளவுகளையும் ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒத்திருந்து, கைப்பிடிகள் மட்டும் முன்பின்னாக நின்றால், இயந்திரம் நலமே. கைப்பிடியை இணைக்கும் கம்பிகளைச் சீர்செய்தால் போதும். மூன்றில் ஒன்று மட்டும் விலகி நின்றால், மானியையோ அதன் கம்பியையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். தரையில் இடமானியையும் வலமானியையும் மாற்றிப் பொருத்துவார்கள். பழுது மானியோடு இடம் பெயர்ந்தால் குற்றவாளி மானியே.

வேகம், வெப்பம், எரிபொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து உயர்ந்தால், காற்றழுத்தும் பகுதியில் அழுக்குப் படிந்திருக்கலாம். எங்கேனும் காற்று கசியலாம். அல்லது முறுக்கு விசைமானியே குறைத்துக் காட்டலாம். கடலோரத்தில் தகரக் கூரை விரைவில் துருப்பிடிப்பதை நாம் அறிவோம். அந்த உப்புக் காற்றே இயந்திரத்தின் உள்ளேயும் படிகிறது. அதைத் தண்ணீர் கொண்டு கழுவுவார்கள். ஆனால், வெப்பமும் எரிபொருளும் உயர்ந்து, வேகம் மட்டும் தாழ்ந்தால், டர்பைன் பகுதியே தேய்ந்திருக்கக்கூடும். இயந்திரத்தைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

இவ்வாறு தரையில் ஆராய நேரம் உண்டு. வானில் அது இல்லை. 1989 ஜனவரி 8-ஆம் நாள் இங்கிலாந்தில், கெக்வொர்த் என்னும் ஊரருகே ஒரு போயிங் 737 விழுந்தது. அது ஜெட் விமானம். எனினும் பாடம் ஒன்றே. இடப்பக்க இயந்திரத்தில் விசிறித் தகடு முறிந்தது. அதன் அதிர்வுமானி உச்சத்தைக் காட்டியது. பழைய விமானங்களில் அதிர்வுமானிகளை நம்ப முடியாது என்ற எண்ணம் விமானிகளிடையே நிலவிய காலம் அது. முள் உண்மை கூறியும், நலமாயிருந்த வலப்பக்க இயந்திரம் நிறுத்தப்பட்டது. 126 பேரில் 47 பேர் மாண்டனர்.

2015 பிப்ரவரி 4-ஆம் நாள் தைப்பே நகரில் நேர்ந்தது இதனினும் நம் கவனத்திற்குரியது. அது ஏ.டி.ஆர். 72 விமானம். வலப்பக்க இயந்திரம் நலமாகவே இருந்தது. முறுக்கு விசையை உணரும் கருவிக்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே சமிக்ஞை விட்டுவிட்டு வந்ததே காரணமாயிருக்கலாம் என்றது விசாரணை. அப்பெட்டியின் பற்றவைப்பில் பழுது காணப்பட்டது. இயந்திரம் வலிமை இழந்ததெனக் கொண்டு, தானியங்கி அதன் விசிறியின் தகடுகளைக் காற்றை எதிர்க்காதவாறு திருப்பிவிட்டது. இடப்பக்க இயந்திரம் ஒன்றைக் கொண்டே விமானம் பறந்திருக்கக்கூடும். ஆனால், விமானி இடப்பக்கக் கைப்பிடியையே பின்னுக்கு இழுத்தார். பொறுத்துச் சரிபார்க்கும்படி உடனிருந்தவர் கூறியது ஒலிப்பதிவில் உள்ளது. பின்னர் அந்த இயந்திரம் நிறுத்தவும்பட்டது. விமானம் கீலூங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் உயிரிழந்தனர்.

ஒன்றில் உண்மை சொன்ன முள் மதிக்கப்படவில்லை. மற்றொன்றில் ஒரு சிறு பற்றவைப்பு பொய் சொன்னது. இரண்டிலும் நலமான இயந்திரமே நிறுத்தப்பட்டது. ஒருவர் இயந்திரத்தின் பெயரைச் சொல்ல, மற்றவர் மானிகளைப் பார்த்து ஆமோதித்த பின்னரே அதனை நிறுத்த வேண்டும் என்ற விதி இதற்காகவே உள்ளது. அந்தச் சில விநாடிகளின் பொறுமை பல உயிர்களின் விலை பெறும் என்பதை நாம் மறத்தலாகாது.