குற்றமுள்ள நெஞ்சு மட்டும்தான் குறுகுறுக்குமா?

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்"னு ஒரு பழமொழி இருக்குல்ல? பாலிகிராஃப் மெஷினோட மொத்தத் தத்துவமும் அதுதான். நம்ம பத்திரிகைகள் அதை 'உண்மை கண்டறியும் சோதனை'ன்னு எழுதுது. அது உண்மையைக் கண்டறியுதா, அதுக்கு யார் சம்மதிக்கணும், இதுதான் இன்னைக்கு எபிசோட். கதையை நான் அமெரிக்காவுல இருந்து ஆரம்பிக்கல. எங்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்னைக்கு இந்த ரெண்டு ஊரும் விருதுநகர் மாவட்டம். 1850கள்ல இது திருநெல்வேலி மாவட்டம், சென்னை மாகாணம், கம்பெனி ஆட்சி. அப்போ மாகாணம் முழுக்க வரி வசூலிக்கிற தாசில்தார்தான் போலீஸ் வேலையையும் பார்த்தார். வரி பாக்கியா, திருட்டுப் புகாரா, ரெண்டுக்கும் ஒரே அதிகாரம். கிட்டின்னு ஒரு கருவி இருந்துச்சு. ரெண்டு கட்டைக்கு நடுவுல விரலை வச்சு நெருக்குவாங்க. வலி தாங்காம நீங்க சொல்றதுதான் 'உண்மை'.

இது லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் போய், 1854ல ஒரு விசாரணைக் கமிஷன் போட்டாங்க. வரி வசூலுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் சித்திரவதை நடக்குதுன்னு 1855ல அறிக்கை வந்துச்சு. 1859ல சென்னை மாகாணத்துக்குத் தனியா போலீஸ் சட்டம் வந்துச்சு. 1861 குற்ற நடைமுறைச் சட்டம், போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிரா சாட்சியமா எடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. 1872 சாட்சியச் சட்டத்துல அது 25ஆவது பிரிவு. இப்போ புதுச் சட்டத்துல 23ஆவது பிரிவு. பேரு மாறிடுச்சு, விஷயம் அப்படியே இருக்கு.

சரி, அடிக்கவும் கூடாது, உண்மையும் வேணும்னா என்ன பண்றது? 1921ல கலிபோர்னியாவுல, பெர்க்லி போலீஸ்ல வேலை பார்த்த ஜான் லார்சன் ஒரு மெஷின் செஞ்சார். அது ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தொடர்ந்து பதிவு பண்ணும். கையில வேர்க்கிறதை அளக்கிறது பின்னாடி சேர்ந்துச்சு. ஆனா பொய்க்குன்னு உடம்புல தனியா ஒரு சிக்னல் கிடையாது. மெஷின் பார்க்கிறது பதற்றத்தைத்தான். பதற்றம் பயத்தால வரலாம், அவமானத்தால வரலாம், கோபத்தாலயும் வரலாம். குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும், எதிர்ல உட்கார்ந்திருக்கிறது இன்ஸ்பெக்டரா இருந்தா. அப்படியே திருப்பிப் பாருங்க. சி.ஐ.ஏ.வுக்குள்ளயே இருந்து சோவியத்துக்கு ரகசியம் வித்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986லயும் 1991லயும் பாலிகிராஃப்ல பாஸ் ஆனார். 1994லதான் மாட்டினார்.

இந்தியாவுல இதுக்கு முடிவு சொன்னது 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கு. தேதி 2010 மே 5. பாலிகிராஃப், நார்கோ, பிரெய்ன் மேப்பிங், எதையுமே கட்டாயப்படுத்திச் செய்யக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சம்மதிச்சா மாஜிஸ்திரேட் முன்னாடி அதைப் பதிவு பண்ணணும், வக்கீல் வச்சுக்க வாய்ப்பு தரணும். அப்படிச் செஞ்சாலும் அந்த ரிசல்ட் சாட்சியம் ஆகாது. அதை வச்சுத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கிற பொருளோ தகவலோதான் சாட்சியம் ஆகும். கிட்டியை ஒதுக்கின அதே நியாயம்தான் இது: ஒருத்தரோட விருப்பத்தை மீறி அவர்கிட்ட இருந்து பிடுங்குறதை நம்ப முடியாது, அதுக்கு உரிமையும் கிடையாது.

தமிழ்நாட்டு உதாரணம், ராமஜெயம் கொலை வழக்கு. கே.என்.நேருவோட தம்பி, 2012 மார்ச் 29ல திருச்சியில கொல்லப்பட்டார். பத்து வருஷம் கழிச்சு சிறப்புப் புலனாய்வுக் குழு பாலிகிராஃபுக்குப் போனப்போ, முதல்ல கோர்ட் முன்னாடி ஒவ்வொருத்தர் சம்மதத்தையும் கேட்க வேண்டி வந்துச்சு. ஒருத்தர் மாட்டேன்னார். மத்தவங்களுக்கு 2023 ஜனவரியில சென்னையில சோதனை நடந்துச்சு. அதோட வழக்கு முடிஞ்சிடல.

இப்போ இதை வேலை பார்க்கிற இடத்துக்குக் கொண்டு வாங்க. ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்னு கற்பனை பண்ணிக்கோங்க. 200 பேர் வேலை பார்க்கிறாங்க, ஒரே ஒரு திருடன். மெஷின் 90 சதவீதம் சரியா சொல்லும்னு தாராளமாவே வச்சுக்கலாம். மீதி 199 பேர்ல சுமார் 20 நிரபராதிங்க 'பொய்'னு மாட்டுவாங்க. அந்த 20 பேருக்கு நடுவுலதான் திருடன் இருப்பான், அதுவும் சிக்கியிருந்தா! வேலையும் மானமும் போறது யாருக்கு?

அமெரிக்கா 1988லயே சட்டம் போட்டு, பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்கு இந்தச் சோதனையைத் தடை பண்ணிடுச்சு. திருட்டு விசாரணைக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆனா அங்கேயும் சோதனைக்கு மறுத்தாங்கங்கிற ஒரே காரணத்துக்காக வேலையை விட்டுத் தூக்க முடியாது. இந்தியாவுல அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. செல்வி தீர்ப்பு பேசுறது போலீஸ் விசாரணையைப் பத்தி. கொலை வழக்குல சந்தேகிக்கப்படுற ஆளு கோர்ட்ல நின்னு 'மாட்டேன்'னு சொல்லலாம். நைட் ஷிஃப்ட் பார்க்கிற அக்காவோ, ஐ.டி. கம்பெனியில ப்ரொபேஷன்ல இருக்கிற தம்பியோ எச்.ஆர். நீட்டுற பேப்பருக்கு 'மாட்டேன்'னு சொல்ல முடியுமா?

மறுக்க முடியாத இடத்துல வாங்குற கையெழுத்து சம்மதம் இல்ல. அதனால அப்படி ஒரு பேப்பர் உங்க முன்னாடி வந்தா மூணு கேள்வி கேளுங்க. மறுத்தா என்ன ஆகும்? ரிசல்ட் யார் கையில இருக்கும்? தப்பா வந்தா நான் எங்க முறையிடணும்? மூணுக்கும் பதிலை எழுத்துல வாங்குங்க. அதுவரைக்கும் பேனாவை எடுக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.