ஜார்ஜ் டவுன்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வடக்கே, முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் சேர்ந்த பழைய வணிகப் பகுதி. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதையொட்டி 1911-ல் இப்பெயர் வந்தது. அதற்குமுன் ஆங்கிலேயர் ஆவணங்களில் இது ‘கறுப்பர் நகரம்’. குடிமக்களின் தோல் நிறத்தையே ஊர்ப்பெயராக்கிய இந்த இழிவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1640-ல் புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியதும் நெசவாளரும் வணிகரும் அதன் வடபுறத்தில், இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தில், குடியேறினர். 1746-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து மூன்றாண்டு வைத்திருந்தனர். கோட்டையை ஒட்டிய வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகும் என்ற அச்சத்தில் அந்தக் குடியிருப்பே படிப்படியாக இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. துபாஷி மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் அது இன்றைய பூக்கடை அருகே மீண்டும் எழுந்தது. காலியான திடலில் எவரும் வீடு கட்டாதிருக்க எல்லைத் தூண்கள் நட்டார்கள். 1773 என்று பொறித்த தூண் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பீரங்கிக் குண்டு பாயும் தூரம்தான் தெருக்கள் எங்கே தொடங்கலாம் என்பதை முடிவு செய்தது.

தூண்களுக்கு அப்பால் வளர்ந்த புதிய நகரத்தில் தெருக்கள் தெற்கு வடக்காக ஒன்றையொன்று ஒட்டி நீண்டன. தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு என அவை வணிகர் பெயரைத் தாங்கின. பவள வணிகத்தால் பவளக்காரத் தெரு. ஆர்மீனியர்கள் 1772-ல் தேவாலயம் கட்டிய தெருவை மக்கள் தங்கள் வாய்க்கு இசைவாக அரண்மனைக்காரத் தெரு ஆக்கிக்கொண்டார்கள். இரு பேட்டைகளுக்கும் நடுவே கிடந்த பள்ளத்தை ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் 1780-களில் தூர்த்துச் சாலை போட்டார், அதுவே பிராட்வே. ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பின் நகரைச் சுற்றி மதில் எழுந்தது. அதன் செலவுக்குக் குடிகள்மீது விதிக்க நினைத்த வரி, மேற்கு மதிலோரச் சாலைக்கு ‘வால்டாக்ஸ் ரோடு’ என்ற பெயரைத் தந்தது.

விடுதலைக்குப் பின் வால்டாக்ஸ் ரோடு வ.உ.சி. சாலையானது, சைனா பஜார் சாலைக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயர். பிராட்வே பிரகாசம் சாலையாயிற்று. 1928-ல் சைமன் குழு எதிர்ப்பின்போது இதே பகுதியில் துப்பாக்கிமுன் நெஞ்சைக் காட்டி நின்ற தங்குதூரி பிரகாசத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாலை இல்லை. ஆனாலும் பேருந்து நடத்துநர் குரல் கொடுப்பது இன்னும் ‘பிராட்வே’ என்றுதான். மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் சாலையில், மாடிப்பூங்காவாக எஞ்சியிருக்கிறது.