அவன்ல வெந்த கிராபிக்ஸ் கார்டு

இன்னைக்கு எபிசோடு ஒரு சமையல் குறிப்போட ஆரம்பிக்குது. அவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கணும். ஃபேன், ஹீட் சிங்க் எல்லாம் கழற்றின கிராபிக்ஸ் கார்டை, ஃபாயில் உருண்டைகள் மேல உட்கார வச்சு உள்ளே தள்ளணும். பத்து நிமிஷம் கழிச்சு எடுத்து, ஆறவிட்டு, கம்ப்யூட்டர்ல மாட்டணும். (தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணாதீங்க. அந்தப் புகை, சாப்பாடு வேகுற இடத்துக்கு ஆகாது.)

2008-ஐ ஒட்டின வருஷங்கள்ல அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இதை நிஜமாவே செஞ்சாங்க. என்விடியா 8800 மாதிரியான கார்டுகள் திரையில கோடு கோடா காட்டி, கடைசியில படமே வராம நின்னுபோகும். அவன்ல இருந்து வெளியே வந்தா ஓடும்! சில வாரம், அதிர்ஷ்டம் இருந்தா சில மாசம்.

எல்லாரும் சொன்ன காரணம் இதுதான்: சிப்புக்கு அடியில இருக்கிற சால்டர் உருண்டைகள் விரிசல் விட்டிருக்கு, சூட்டுல உருகி மறுபடி ஒட்டிக்குது. பழியைப் போட ஆளும் ரெடியா இருந்தது. 2006 ஜூலை 1-லிருந்து எலக்ட்ரானிக்ஸ்ல ஈயத்தை ஐரோப்பிய யூனியன் கட்டுப்படுத்தியிருந்தது. ஈயமில்லாத சால்டர்தான் வில்லன்னு முடிவு கட்டிட்டாங்க.

ஆனா கணக்கு இடிக்குது. ஈயமில்லாத சால்டர் உருக சுமார் 217 டிகிரி வேணும். அவன்ல இருந்தது 200. அப்போ எதுவுமே உருகல!

உண்மையான விரிசல் ஒரு மாடி மேலே இருந்தது. சிலிக்கான் துண்டு நேரா போர்டுல உட்காராது. முதல்ல ஒரு சின்னப் பலகை மேல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சால்டர் புள்ளிகளால ஒட்டியிருக்கும். அந்தப் பலகைதான் போர்டுல உட்காரும். சூடானா சிலிக்கான் கொஞ்சமா விரியும், பலகை நிறைய விரியும். இந்த இழுபறியில நடுவுல மாட்டின புள்ளிகள் உடைஞ்சது. அவன் சூடு, உடைஞ்ச முகங்களைக் கொஞ்ச நாளைக்கு ஒண்ணோட ஒண்ணு தொட வச்சது, அவ்வளவுதான். அந்தப் புள்ளிகள்ல ஈயம் அதிகம், சட்டமே அதுக்கு விலக்கு கொடுத்திருந்தது. வில்லன் அந்த இடத்துலயே இல்ல.

2008 ஜூலையில என்விடியா, லேப்டாப் சிப்புகள்ல பேக்கேஜ் பொருள் பலவீனமா இருக்குன்னு ஒத்துக்கிட்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கினது. தங்கள் மேக்புக் ப்ரோக்கள்ல இந்தப் பிரச்சினை இல்லைன்னு என்விடியா உறுதி சொன்னதாகவும், தாங்களே சோதிச்சப்ப இருந்ததாகவும் அதே அக்டோபர்ல ஆப்பிள் அறிவிச்சு, இலவச ரிப்பேர் கொடுத்தது.

எனக்கு உறுத்துறது ரீபாலிங் கதைதான். சிப்பைக் கழற்றி, அடி உருண்டைகளைப் புதுசா வச்சு, திரும்ப ஒட்டுற வேலை. கைத்திறன் நிஜம், கட்டணமும் நிஜம். ஆனா மாத்தினது நல்லா இருந்த உருண்டைகளை. அந்த வேலையில பட்ட சூடுதான் கொஞ்ச நாள் காப்பாத்தினது. நிலைக்கிற ரிப்பேர், குறை இல்லாத புது சிப் போடுறது மட்டும்தான்.

இதே கதை ஏடிஐ வடிவமைச்ச சிப்போட வந்த எக்ஸ்பாக்ஸ் 360-லயும் நடந்தது. அங்கே அவனுக்குப் பதில் டவல்: மிஷினைச் சுத்தி ஓட விடுவாங்க. 2007 ஜூலையில மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூணு வருஷமாக்கி, 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்கினது. எது உடைஞ்சதுன்னு அவங்க வெளிப்படையா விளக்கினது 2021-ல, ஒரு ஆவணப்படத்துல: சிப் பேக்கேஜுக்குள்ள இருக்கிற இணைப்புகள். ஆன் பண்ணி ஆஃப் பண்ணி, சூடாகி ஆறி, அதுலயே உடைஞ்சதாம்.