பெரட்டும் பொதுநிதியும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பங்கீட்டு வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் நடந்துவந்த ஆள் கணக்கெடுப்பைத் தமிழ்த் தொழிலாளர் ‘பெரட்டு’ என்று அழைத்தனர். ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவில் உருமாறிப் பிறந்தது அது. லயம் எனப்பட்ட வரிசை வீடுகளிலிருந்து வாளியும் பால்வெட்டுக் கத்தியுமாக வந்து நின்றவர்களின் பெயரை மண்டோர், அதாவது வேலைக் கண்காணிப்பாளர், ஒவ்வொன்றாகக் கூப்பிட, கிராணி எனப்பட்ட எழுத்தர் அதைச் செக்ரோலில், அதாவது நாள்வருகைப் பேரேட்டில், குறித்துக்கொள்வார். அன்றைக்கு எவர் எந்த மரங்களை வெட்டுவது என்பதும், வராதவருடைய மரங்களை எவரிடம் ஒப்படைப்பது என்பதும் அந்தக் களத்திலேயே முடிவாயின. அளவோடு உள்ள ஒரு பொருளைப் பலர் முறைவைத்து, ஒருவர் கையிலிருப்பதில் மற்றவர் கைவைக்காமல், எடுத்துத் திருப்பித் தரச் செய்யும் ஏற்பாடாகப் பெரட்டைக் கண்டால், கணினித் துறையில் இன்று ‘இணைப்புத் தொகுப்பு’ எனப்படும் முறைக்கு அது நெருங்கிய உறவாவது புலப்படும். அதே தோட்டங்களையும் உள்ளடக்கி உருவான குடியேற்றப் பொதுநிதி அந்த உறவின் இன்னொரு முகமாகும். ஆனால் அங்கே பங்கிடப்பட்டவை மரங்கள் அல்ல, மனிதர்கள்.

இப்பகுதியின் சிற்றரசுகளுள் ஒன்றான சுங்கை ஊஜோங் 1874இல் ஆங்கிலேயரின் மேலாண்மைக்குள் வந்தது. சிரம்பானையும் போர்ட் டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. சிற்றரசுகள் 1895இல் ஒன்றாகி நெகிரி செம்பிலானாயின; அடுத்த ஆண்டே அது கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்றாயிற்று. இலங்கையில் காப்பி நோயால் அழிந்தபின் இப்பக்கம் வந்த தோட்டக்காரர்கள் ரந்தாவ் போன்ற இடங்களில் முதலில் காப்பியைத்தான் நட்டனர்; ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி, லயம், பெரட்டு ஆகிய ஏற்பாடுகளையும் அவர்களே உடன் கொண்டுவந்தனர். பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பி விலையைச் சரித்தபோது அதே மண்ணில் ரப்பர் ஏறியது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டிய அந்த ஏற்றக் காலத்தில், லிங்கி, லாபு, சுவா பெத்தோங் எனத் தோட்டங்கள் பெருகி, ஆள் தேவையும் அவற்றோடு பெருகிற்று.

ரப்பர் மரத்தின் தன்மையை அறியாமல் பெரட்டின் கறாரை விளங்கிக்கொள்ள இயலாது. பட்டைக்குள் உள்ள பாற்குழாய்களின் அழுத்தம் விடியலுக்கு முன்பே மிகுதி. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழப்பதால் அது குறைந்து, பாலும் குறைகிறது. மரத்தின் அரைச் சுற்றளவில் சாய்வாக இட்ட கோட்டை ஒட்டி மில்லிமீட்டர் கணக்கில் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி ஆழம் தப்பினால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு காயப்பட்டு, பின்னர் தோன்றும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, மறுவெட்டுக்கு உதவாமற் போகும். வெட்டிய மரத்துக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பதால் ஒருநாள்விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவிற்று. ஒவ்வொரு வெட்டாளருக்கும் 300 முதல் 400 மரங்கள் கொண்ட இரண்டு நிரைகள் மாறிமாறி ஒதுக்கப்பட்டன. ஆகவே ஒரு மரத்துக்கு ஒரு நாளில் ஒரே ஒரு கத்திதான். ஒரே நிரைக்கு இருவர் போய்விட்டால் அன்று பால் இரட்டிப்பாவதில்லை. பட்டைதான் இரட்டிப்பாய்ச் செலவாகும், அந்த இழப்பு ஆண்டுக்கணக்கில் ஆறாது.

இந்தப் பிழை நேரும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. வராதவர் ஒருவரின் நிரை காலியாக இருப்பதை இரண்டு மண்டோர்கள் தனித்தனியே பார்க்கிறார்கள் என்று கொள்ளலாம். முதலாமவர் பார்த்துவிட்டுத் தம் ஆளை அனுப்புகிறார். அவர் அதை ஏட்டில் குறிக்குமுன் இரண்டாமவரும் காலி என்றே கண்டு இன்னொருவரை அனுப்புகிறார். பார்த்ததில் இருவரும் தவறவில்லை. தவறு பார்ப்பதற்கும் குறிப்பதற்கும் இடையிலான கணத்தில் ஒளிந்திருக்கிறது. பெரட்டுக் களம் அந்தக் கணத்தை அடைத்தது: எல்லாரும் ஓரிடத்தில் நிற்க, ஒரே ஏடு திறந்திருக்க, ஒரு பெயர் முடிந்த பிறகே அடுத்த பெயர் கூப்பிடப்பட்டது. வரிசையாக நடப்பதால் தாமதம் உண்டு. விடியலுக்கு முன்பே ஆட்களை எழுப்பிய கொடுமையில் அந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு.

கணினியில் மரத்தின் இடத்தில் இருப்பது தரவுத்தள இணைப்பு. தரவுத்தளம் என்பது தகவல்களைச் சேமித்துக் கேட்டபோது தரும் மென்பொருள். அதனோடு ஒரு செயலி பேசுவதற்குத் திறந்துவைக்கும் வழியே இணைப்பு. வழி திறப்பதற்கு வலைத்தொடர்பும் அடையாளச் சரிபார்ப்பும் தேவைப்படுவதோடு, போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை ஒன்றையே ஒதுக்குகிறது. இயல்பு அமைப்பில் 100 இணைப்புகளுக்கு மேல் அது ஏற்பதில்லை. எனவே ஒருமுறை திறந்த இணைப்புகளை மூடாமல் வைத்து, வேண்டும்போது எடுத்து, முடிந்ததும் திருப்பி வைப்பதே இணைப்புத் தொகுப்பு. ஒரே செயலிக்குள் பக்கம்பக்கமாக ஓடும் வேலைத்தொடர்களுக்கு ‘இழைகள்’ என்று பெயர். அவை எத்தனை முட்டிமோதினாலும் ஓர் இணைப்பு ஒரே சமயத்தில் ஓர் இழையிடம் மட்டுமே இருக்குமாறு காப்பதை ‘இழைப் பாதுகாப்பு’ என்பர்.

யுகிஹிரோ மட்சுமோட்டோ உருவாக்கி 1995இல் வெளியிட்ட ரூபி மொழியில் இந்தப் பாடம் மெதுவாகவே கற்கப்பட்டது. ரூபியை இயக்கும் முதன்மை மென்பொருளில் ஒரு பெரும்பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஓர் இழையே ரூபிக் கட்டளைகளை இயக்க முடியும். அதனால் தனிக் காப்பு வேண்டாம் என்று நினைப்பது எளிது, ஆனால் பிழை. ‘காலியா’ என்று பார்த்த இழையை நிறுத்திவிட்டு, அது குறிக்குமுன் வேறோர் இழையை ஓடவிட அந்தப் பெரும்பூட்டே இடங்கொடுக்கும். ரூபியில் எழுதப்பட்ட ரெயில்ஸ் என்னும் இணையச் சட்டகத்தில், 2008 நவம்பரில் வெளிவந்த 2.2ஆம் பதிப்பில்தான் இழைப் பாதுகாப்புள்ள இணைப்புத் தொகுப்பு இடம்பெற்றது. தொகுப்பின் இயல்பான அளவு 5. எல்லாம் எடுக்கப்பட்டிருந்தால் புதிதாய் வரும் இழை 5 நொடி வரை காத்திருந்து, பிறகு பிழை அறிவிப்புடன் திரும்ப வேண்டும். பார்ப்பதும் குறிப்பதும் ஒரே பூட்டுக்குள், ரூபியில் ‘மானிட்டர்’ எனப்படும் காவலின் கீழ், பிரிக்க முடியாத ஒரு செயலாக நடக்கின்றன. பெரட்டுக் களத்துச் செக்ரோல் செய்த வேலை இதுவே. தோட்டத்தில் மட்டும் காத்திருப்புக்கே இடம் இல்லை. பிந்தி வந்தவரின் பெயர் ஏட்டில் ஏறாது, பெயர் ஏறாத நாளுக்குக் கூலியும் கிடையாது.

எடுப்பதைவிடத் திருப்பித் தருவதே இரண்டிலும் கடினம். வேலையின் நடுவே பிழை நேர்ந்து இழை ஒன்று இறந்துவிட்டால் அதன் கையிலிருந்த இணைப்பு எவருக்கும் உதவாமல் கிடக்கும். இப்படி ஐந்து முறை நேர்ந்தால் தொகுப்பே வற்றிவிடும். ஆகவே என்ன நேர்ந்தாலும் இணைப்பைத் திருப்பிவைக்கும் கட்டளைத் தொகுதிக்குள்ளேயே அதைப் பயன்படுத்துமாறு ரூபி நிரலாளர் அறிவுறுத்தப்படுகின்றனர்; அதையும் மீறித் தவறியவற்றை மீட்கப் பின்னணியில் ஒரு துப்புரவு இழை சுற்றிவருகிறது. தோட்டத்தில் அந்த இடத்தை வகித்தது பால் நிறுக்கும் கொட்டகை. வெயில் ஏறியதும் மங்கு எனப்பட்ட கிண்ணங்களிலிருந்து பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வந்தவர்களின் எடை பெயர்வாரியாக எழுதப்பட்டபோது, காலையில் ஏறிய பெயர்களுள் எது இன்னும் வந்துசேரவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். நிரையில் மயங்கி விழுந்தவரைத் தேடி ஆள் போவதும் அப்போதுதான். ஏடு பாலின் பொருட்டுத் திறந்திருந்தது. ஆளைக் காப்பாற்றியது அதன் உடன்விளைவு.

இனி ஆட்களின் தொகுப்பு. தமிழகத்துச் சிற்றூரிலிருந்து ஒருவரைச் சிரம்பானுக்குக் கொண்டுவருவது நெடிய, செலவு மிக்க வேலை: உரிமம் பெற்ற கங்காணி தம் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாமில் பதிவு செய்து, கப்பலேற்றி, கரை இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாமில் வைத்து, அதன்பின் இரயிலில் தோட்டம் சேர்க்க வேண்டும். இத்தனை செலவிட்ட தோட்டத் துரையின் ஆளை, சல்லிக்காசு செலவிடாத பக்கத்துத் தோட்டம் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொள்வது அன்றாடப் பூசலாயிற்று. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்து, ஒரு மாத முன்னறிவிப்பில் தொழிலாளர் விலகலாம் என்ற நிலை வந்தபின் அதைச் சட்டத்தாலும் தடுக்க இயலவில்லை. இந்தப் பூசலுக்கு மாற்றாக 1907இலேயே தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டிருந்தது. அது பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் மாறிற்று. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், தாமே ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், தம் ஆட்கள் வேலை செய்த நாள்களின் கணக்குப்படி அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். பயணச் செலவையும் முகாம் செலவையும் நிதி ஏற்கும். ஆள் திருட்டை அது நிறுத்தவில்லை. திருட்டின் ஆதாயத்தைக் கரைத்தது. பூட்டுப் போடாமல் கணக்கை மாற்றியே மோதலைத் தணித்த இந்த ஏற்பாடு, நிருவாக நுட்பமாக மட்டும் பார்த்தால், பெரட்டைவிடத் தேர்ந்தது.

ஆனால் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. இணைப்புக்கு ஊர் கிடையாது, பசி கிடையாது. நிதியின் ஏடோ மனிதரையும் அதே கட்டத்தில் எழுதியது. தொகுப்பில் ஆள் மிகுந்திருந்தால் கூலி ஏறாது என்பதை நிதிக் குழுவில் அமர்ந்த அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் நன்கு அறிந்திருந்தனர். உலகப் பொருளாதார மந்தம் ரப்பரை வீழ்த்திய 1930 முதல் அதே நிதி, ஆட்களைக் கொண்டுவருவதை விட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பும் கருவியாக மாறிற்று. உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பலர் மீளவில்லை. விடுதலைக்குப்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் சொந்தக் காசைப் பங்குத்தொகையாகத் திரட்டித் தோட்டம் வாங்கிய அந்தச் சங்கத்தில்தான் பொதுத்தொகுப்பின் சாவி, காலந்தாழ்ந்தேனும், அதை நிரப்பியவர் கைக்கு வந்தது. பழைய நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று சட்டப்படி மறுபெயர் பெற்று, 1999இல் கலைக்கப்பட்டது.

நெகிரி செம்பிலானில் ரப்பர் நின்ற பல காடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எந்த நாளில் எவர் எந்த நிரையில் நின்றார் என்று சொல்லும் ஏடு செக்ரோல் ஒன்றே. பிறப்புப் பதிவுகூடச் சரிவர இல்லாத பல குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியின் பெயர் எழுத்தில் கிடைக்கக்கூடிய இடமும் அதுவே. பழைய தோட்ட அலுவலகங்களிலோ, ஓய்வுபெற்ற கிராணிகளின் வீட்டுப் பெட்டிகளிலோ அந்த ஏடுகள் எஞ்சியிருக்குமாயின், கரையான் முந்திக்கொள்ளுமுன் அவற்றை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்குமாறு தோட்டத்துப் பிள்ளைகளை வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.