ஆங்கிலம் கற்பிக்கத் தகுந்தவர் யார்?



சில மாதங்களுக்கு முன் மாமல்லபுரத்தில் என் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டேன். ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டமும் அதன்மேல் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றவள். தென் கொரியாவின் தனியார் மொழிப்பள்ளிகளில் ஆங்கில ஆசிரியை வேலை தேடினாளாம். அயல்நாட்டார் அப்பணிக்குரிய அனுமதி பெற வேண்டுமாயின், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்னும் ஏழு நாடுகளுள் ஒன்றன் குடியுரிமை வேண்டும். ஏதேனும் ஒரு துறையில் பட்டமும் வேண்டும். ஆசிரியப் பயிற்சியோ கட்டாயமன்று. “ஐயா, கற்பிக்கத் தெரிந்திருப்பது ஒரு தகுதியே இல்லையா?” என்று கேட்டாள். கடற்கரைக் கோயிலின் நிழலில் அவளுக்குச் சொன்ன பழஞ்செய்தியையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

இதே கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் பக்கத்தில் எழுந்தது. 1789-இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக ஒரு பள்ளி நிறுவப்பட்டது. அதன் மேற்பார்வையை ஏற்றவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். தமக்குரிய சம்பளத்தை அவர் வேண்டாமென்று மறுத்தார். அவருக்கு வாய்த்த பெருந்தொல்லை உதவி ஆசிரியர்களே. கற்பிக்கும் தொழிலுக்கெனப் பயின்றவர் அக்காலத்தில் கிடைத்திலர். அரும்பாடுபட்டு ஒருவரைப் பழக்கினாலோ, அந்தத் தேர்ச்சியைக் கொண்டே அவர் வேறிடத்தில் இதனினும் நல்ல சம்பளம் பெற்றுப் போய்விடுவார்!

ஒருநாள் பெல் குதிரைமேற் செல்லுகையில், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனை அவர் ‘மலபார்ப் பள்ளி’ என்றே குறித்தார். தமிழரை மலபாரிகள் என்பது அக்கால ஐரோப்பியர் வழக்கம். உடனே தம் பள்ளியிலும் மணற்பலகையைக் கொண்டுவரப் பணித்தார். உதவி ஆசிரியர் அது நடவாத காரியம் என்றார். பெல் அவரோடு வாதாடவில்லை. ஜான் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதனைச் செவ்வனே நடத்தினான்.

நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். மூத்த மாணவன் இளையவனுக்குப் பாடம் சொல்லும் அம்முறையே ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் கப்பலேறிற்று. 1797-இல் பெல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். பிரிட்டனில் எண்ணற்ற பள்ளிகள் அம்முறையை மேற்கொண்டன. அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர். ஆங்கிலச் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் முறை தமிழ்நாட்டு மணலிலிருந்து சென்றதென்றால், பிறந்த நாடு ஒன்றே ஆசிரியத் தகுதி என்பது எவ்வாறு பொருந்தும்? ஆயினும், எட்டு வயதுச் சிறுவன் அரிச்சுவடி சொல்லலாமேயன்றி, இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்க அவனால் ஆகாது. சென்னை முறையின் குறை அதுவே.

பெல் கண்ட பணத் தொல்லையை ஆளுநர் தாமஸ் மன்றோவும் கண்டார். 1826-ஆம் ஆண்டுக் குறிப்பில், ஆசிரியர்க்கு மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் கிடைப்பதில்லை என்றும், அது தக்காரை இத்தொழிலுக்கு ஈர்க்கப் போதாதென்றும் எழுதினார். சென்னையில் ஆசிரியரைப் பயிற்றி, மாவட்டப் பள்ளிக்கு 15 ரூபாயும் தாசில் பள்ளிக்கு 9 ரூபாயும் சம்பளம் வைத்து அனுப்ப அவர் திட்டமிட்டார். மறு ஆண்டே அவர் காலமானார். 1836-இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. நல்ல திட்டங்கள் மடிவது அக்காலத்தோடு ஒழிந்துவிடவில்லை!

செங்கற்பட்டில் ஆங்கிலக் கல்வி வேரூன்றியது ஸ்காட்லாந்து சமயத் தொண்டரால். 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன், சில ஆண்டுகளிலேயே காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் கிளைகள் அமைத்தார். அத்தனை ஊர்களுக்கும் ஸ்காட்லாந்திலிருந்து ஆசிரியரை வரவழைத்தல் இயலுமா? சென்னையில் தாம் உருவாக்கிய நம் நாட்டு மாணவரையே துணைக்கொண்டார்.

1854-ஆம் ஆண்டு உட் துரையின் கல்வி அறிக்கை ஆசிரியப் பயிற்சியை அரசின் கடமையாக்கியது. 1856-இல் சென்னையில் அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது; பின்னர் அது சைதாப்பேட்டைக்கு மாறியது. சைதாப்பேட்டை அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இதைக் கேட்டதும் என் மாணவி சிரித்துவிட்டாள். அவள் பயின்றதும் சைதாப்பேட்டையிலேதான்.