வாக்குப் பெட்டியும் வாக்கு யந்திரமும்

தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலை கொய்யும் தமிழரும், பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களில் உழுது வாழும் தமிழரும் தலைமுறை தலைமுறையாகக் கேரளத்தின் வாக்காளர்கள். தாய்மொழி வேறு, மாநில மொழி வேறு என்னும் நிலையில் வாழும் நமக்கெல்லாம் அவர்களுடைய தேர்தல் அனுபவம் அறியத் தக்கதாகும். இந்தியாவில் வாக்களிக்கும் முறை மாறிய இரு கட்டங்களிலும் கேரளமே முதற் களமாக அமைந்தது.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. பெட்டியின்மீது சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். சீட்டைப் பெட்டிக்குள் இட்டால் போதும். எழுத்தறியாதோருக்கு இது எளிதாயினும், பெட்டிகள் பெருகியதால் அதிகாரிகளின் சுமையும் பெருகிற்று. எனவே, எல்லாப் பெயர்களும் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சிடப்பெற்று, வாக்காளர் முத்திரை குத்தும் முறை 1960இல் கேரள இடைக்காலத் தேர்தலில் புகுத்தப்பட்டது.

அடுத்து வந்தது மின்னணு யந்திரம். 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தேர்தல் கமிஷன் அதனைக் கட்சிப் பிரதிநிதிகளுக்கு இயக்கிக் காட்டியது. இடுக்கி மலைகளினின்று இறங்கும் பெரியாறு கடலை நெருங்கும் பகுதியில் உள்ளது பரவூர். அத்தொகுதியின் 84 வாக்குச் சாவடிகளுள் 50இல், 1982ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் யந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். யந்திரத்தைச் சட்டம் அனுமதிக்கவில்லை. சட்டத்தை மீற கமிஷனுக்கு அதிகாரமில்லை என்று 1984ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டுமுறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார்.

யந்திரம் நன்றாயிருந்தும் சட்டம் அதற்கு இடம் வகுக்காமையால் முதல் முயற்சி வீணாயிற்று. பாராளுமன்றம் 1988இல் சட்டத்தைத் திருத்திற்று. 2001இல் கேரளச் சட்டசபைத் தேர்தலும், 2004இல் நாடு முழுவதும் பாராளுமன்றத் தேர்தலும் யந்திரத்தாலேயே நடந்தன. அது மின்கலத்தால் இயங்குவதால் மின்சாரம் எட்டாத மலைச் சாவடிக்கும் ஏற்றது. அதிகாரி தம்மிடமுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தினாலன்றி வாக்காளர் வாக்களிக்க இயலாது. ஒரு முறை அழுத்தினால் ஒரே வாக்குத்தான் பதிவாகும்.

பஞ்சாயத்துத் தேர்தலில் வேலை இன்னும் நுட்பமானது. கேரளக் கிராம வாக்காளர் கிராமம், பிளாக்கு, ஜில்லா ஆகிய மூன்று பஞ்சாயத்துகளுக்கும் ஒரே வேளையில் வாக்களிக்கிறார். கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றுடன் மூன்று வாக்குக் கருவிகள் இணைக்கப்படுகின்றன. அவற்றின் வாக்குத் தாள்கள் முறையே வெள்ளை, இளஞ்சிவப்பு, இளநீல நிறத்தவை. தமிழர் மிகுந்த பகுதிகளில் வேட்பாளர் பெயர் தமிழிலும் அச்சிடப்படுகிறது.

தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் வேட்பாளரின் பெயரைத் தாமே படித்து, பிறர் துணையின்றிப் பொத்தானை அழுத்தும்போதுதான் வாக்கின் இரகசியம் காக்கப்படுகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பெயரைக் கேட்க நேர்ந்தால் அந்த இரகசியம் அங்கேயே அழிந்துவிடும். ஆகவே புது யந்திரத்தைக் கொண்டு வரும் அதிகாரிகள் அதன் வேகத்தை மட்டும் எடுத்துரைத்தால் போதாது. அதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். மக்கள்முன் அதை இயக்கிக் காட்ட வேண்டும். அவர்கள் அறிந்த எழுத்து அதில் இருக்க வேண்டும். அயல் மாநிலத்தில் வாழும் நாமும், வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உள்ளதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், இவற்றையும் கேட்டறிவது நம் கடமையாகும்.