துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ சமையல் குறிப்பு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது நிஜமாகவே துப்பாக்கியைப் பற்றிய பதிவு. டெபிட், கிரெடிட் தவிர வேறெதுவும் தெரியாத பி.காம்.காரனுக்குத் துப்பாக்கியோடு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. ரொக்கம் அதிகம் புழங்கும் வங்கிக் கிளைகளில் வாசலில் ஒரு காவலர் நிற்பாரே, அவர் தோளில் தொங்கும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கும் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. அதன் தோட்டாக்களை எண்ணி, பழையது எத்தனை, புதியது எத்தனை என்று எழுதி, கையெழுத்துப் போடும் வேலை என் தலையில் பல வருடம் இருந்தது. பணத்தை எண்ணுகிற மாதிரிதான் எண்ணுவேன். சுடுமா சுடாதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

2014 டிசம்பரில் யோசிக்க வைத்தார்கள். காவலர்கள் வருடத்துக்கு ஒரு தடவை சுட்டுப் பழக வேண்டும் என்பது விதி. அந்த வருடம் எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருந்தவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர். மெட்டுகுடாவில் இருந்து இருவரும் ஒரே ஜீப்பில் ஏறி, ஊருக்கு வெளியே இருக்கும் சுடுதளத்துக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். செகந்திராபாத் டிசம்பர் குளிர் நம்மூர் ஆட்களுக்குத் தெரியாது, வாயைத் திறந்தால் புகை வரும். அவர் துப்பாக்கியை நிமிர்த்தி, குறி பார்த்து, விசையை அழுத்தினார்.

'டிக்.' அவ்வளவுதான்.

நான் ஒரு அடி முன்னே வைத்தேன். "சார், அசையாதீங்க" என்றார், தலையைத் திருப்பாமலே. துப்பாக்கி வாய் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, உதட்டுக்குள் முப்பது வரை எண்ணினார். சில தோட்டா தாமதமாக வெடிக்குமாம். அவசரப்பட்டுத் திறந்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும். எண்ணி முடித்தபின் திறந்து தோட்டாவை எடுத்தார். பின்பக்கத்துப் பித்தளைக் கேப்பில், கொசு கடித்த மாதிரி லேசாக ஒரு புள்ளி. அடிமுள் குத்தியிருக்கிறது, ஆனால் பலமாகக் குத்தவில்லை.

"இதுல யாரோ தேங்கா எண்ணெய் போட்டிருக்காங்க சார்."

"அண்ணே, எப்படிச் சொல்றீங்க?"

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. அவருக்கு முன்பு இருந்தவர் பக்தியோடு மாதா மாதம் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயையே துப்பாக்கிக்கும் தேய்த்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறோம்! அதே எண்ணெய் தூசியோடு சேர்ந்து, அடிமுள் ஓடுகிற துளைக்குள் மெழுகாக உறைந்திருந்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துக் கழுவியபோது இது உறுதியானது. பிரித்து வேலை பார்ப்பதெல்லாம் காவலரோ நாமோ செய்கிற காரியம் இல்லை. சட்டப்படியும் லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

அதாவது, எத்தனையோ குளிர்காலம், கோடிக்கணக்கான ரூபாய்க்குக் காவலாக நின்றது ஒரு இரும்புத் தடி. நான் அதற்கு மாதா மாதம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. துப்பாக்கியின் சரித்திரத்தைப் போர்களை வைத்து எழுதுகிறார்கள். அதைத் துடைக்கிற எண்ணெயையும் துணியையும் வைத்தும் எழுதலாம். நம் நாட்டில் ஒரு பெரும் போரே எண்ணெயில்தான் தொடங்கியது.

1857 கொழுப்புத் தோட்டா விவகாரம் பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் தோட்டாவில் கொழுப்பை எதற்காகத் தடவினார்கள் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்கு முன்பு சிப்பாய்களிடம் இருந்த மஸ்கட்டின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு லொடலொடவென்று உள்ளே இறங்கும். புதிதாக வந்த என்ஃபீல்டு 1853 மாடல், ரைஃபிள். குழலுக்குள் மூன்று புரிகள். குண்டு அந்தப் புரிகளைப் பிடித்துச் சுழன்று வெளியேறுவதால்தான் குறி தப்பாமல் தூரம் போகிறது. சிக்கல் என்னவென்றால், கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையாகப் போகும், மிச்சம் குழலில் படியும். சில ரவுண்டு சுட்டாலே புரிகளில் கரி அடைத்து, வாய் வழியாக அடுத்த குண்டை இடித்து இறக்க முடியாது. அந்தக் கரியை இளக்கி, குண்டை வழுக்கி இறங்க வைக்கத்தான் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பும் தேன்மெழுகும். சுத்தமாகப் பராமரிப்புப் பிரச்சினை!

என்ன பிராணியின் கொழுப்பு என்று யாரும் விசாரித்து வைக்கவில்லை. (ஆடிட்டில் இதைத்தான் 'சப்போர்ட்டிங் டாக்குமென்ட் இல்லை' என்று எழுதுவோம்.) 1857 ஜனவரியில் டம்டம்மில் வதந்தி கிளம்பியதும், அந்த மாதம் 27-ம் தேதியே, கொழுப்புத் தடவாத தோட்டாக்களைக் கொடுங்கள், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்த கலவையைத் தாங்களே தடவிக்கொள்ளட்டும் என்று ராணுவச் செயலர் கர்னல் பர்ச் உத்தரவு போட்டார். ஆனால் நம்பிக்கை போனபின் வந்த உத்தரவு அது. பசுவோ பன்றியோ என்ற அந்தச் சந்தேகத்தை எந்தச் சுற்றறிக்கையும் அழிக்கவில்லை. அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த கட்டம் நம் நீலகிரியில். ஊட்டி மலை ரயிலில் குன்னூர் தாண்டினால் வெலிங்டன், அதற்கடுத்து அரவங்காடு. அரவங்காட்டில் 1903-04 வாக்கில் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்னும் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கார்டைட் என்பது புகை குறைவான வெடிமருந்து. 1889-ல் ஏபலும் டிவாரும் கண்டுபிடித்தது. தொடக்கக் காலக் கலவை: 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் வெடிபஞ்சு, 5 சதவீதம் வாசலின். ஆமாம், உதட்டுக்குத் தடவுகிற அதே வகைச் சமாச்சாரம். குழலுக்கு எண்ணெய் போட்ட மாதிரி இருக்கட்டும் என்றுதான் அதைச் சேர்த்தார்களாம். அது அந்த வேலையைச் செய்யவில்லை, எரிந்து போனது. ஆனால் மருந்து சீக்கிரம் கெட்டுப்போகாமல் காத்தது. தப்பான காரணத்துக்குச் சேர்த்து, சரியான காரணத்துக்கு நீடித்தது.

கரி குறைந்தது, வெப்பம் கூடியது. கருமருந்துக்காகச் செய்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் மெல்லிய புரிகளைக் கார்டைட் சூடு அரித்துத் தின்றது. அதனால் 1895-ல் ஆழமான ஐந்து புரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்தது. அந்த வரிசையில் வந்ததுதான் நம் போலீஸ்காரர்கள் பல காலம் தூக்கிச் சுமந்த 303.

303-க்கு இன்னொரு வியாதி இருந்தது. தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாக மாறும். உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் போகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். ஆகவே புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றுவார்கள். கொதிநீராக இருந்தால் இரும்பு சூடேறித் தானே உலர்ந்துவிடும். பிறகு துணி, பிறகு எண்ணெய். நம் ஹவில்தார் வெலிங்டனில் பயிற்சி பெற்ற காலத்தில் ரைஃபிள் மாறிவிட்டது, ஆனாலும் உஸ்தாத் வெந்நீர்க் கதையைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவாராம். கயிற்றில் கட்டி இழுக்கிற 'புல் த்ரூ'வுக்கும், அதில் கோக்கிற துணித்துண்டான 'சிந்தி'க்கும் அவர் கொடுக்கும் மரியாதையைப் பார்த்தால் பூஜை சாமான் என்று நினைப்பீர்கள். உப்பு மிஞ்சாத கேப்புகள் 1920களில் பரவலாக வரத் தொடங்கிவிட்டன. பழக்கம் மட்டும் பழைய ராணுவக்காரர்களிடம் தங்கிவிட்டது.

இவ்வளவும் படித்துவிட்டு நான் வீட்டில் பேசிக்கொண்டே இருந்ததன் விளைவு, என் பெண்ணுக்குத் துப்பாக்கி சுடும் ஆசை வந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் ஆசையோடு போயிருக்கும். இது ஹைதராபாத். இங்கே அபிட்ஸ் பக்கம் ஒரு பேட்டைக்குப் பெயரே கன்ஃபவுண்ட்ரி. நிஜாமிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ரேமான் 1786-ல் பீரங்கி வார்த்த இடம். (பிற்காலத்தில் அங்கேதான் ஸ்டேட் பேங்க் ஆஃப் ஹைதராபாத்தின் தலைமை அலுவலகம். 2017-ல் எஸ்.பி.ஐ.யோடு இணைந்தது. பீரங்கிக்கும் பேங்குக்கும் பொருத்தம் பாருங்கள்.) 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்து இங்கே வளர்ந்தவர். அவருக்கு நல்ல ரைஃபிள் வாங்கப் பெற்றோர் வீட்டு மனையை விற்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டுக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனதை என் மனைவி சரியான சமயத்தில் எடுத்துவிட்டாள். வெளியூர்த் தமிழ்க் குடும்பம் என்றால் வாதம் முடிந்த மாதிரிதான்.

ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மி.மீ. ஈயக் குண்டு. 20 ஜூலுக்கு உட்பட்டதென்றால் நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம். 10 மீட்டரில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. பராமரிப்பு விஷயத்தில் எல்லாமே தலைகீழ். எண்ணெய் போடவே கூடாத இடங்கள் நிறைய. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும், அங்கே சாதாரண எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து. சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைப் பார்ப்பது வீரரின் பொறுப்பு. குழலைத் துடைக்க இரும்புக் கம்பி இல்லை, சின்னக் கம்பளி உருண்டை.

50 மீட்டர் .22 ரைஃபிளில் இன்னும் வேடிக்கை. அந்தத் தோட்டாவின் ஈயத்தின் மேலேயே மெழுகுப் பூச்சு உண்டு. குழல் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தால் முதல் சில குண்டுகள் சரியாகப் போகாது. மெழுகு ஒரு சீராகப் படிந்தபிறகுதான் நிதானத்துக்கு வரும். இந்தக் குழல்கள் சுட்டுக் கெடுவதைவிடத் துடைத்துக் கெடுவது அதிகம் என்பார்கள். வாய்ப்பக்கமாகக் கம்பியை நுழைத்து விளிம்பைத் தேய்த்துவிட்டால் குறி போச்சு. எப்போதும் பின்பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும்.

புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருத்விராஜ் பாரிஸ் 2024-ல் சுட்டாரே, அந்தத் 'டிராப்' போட்டி 12 போரில்தான். 24 கிராம் ஈயச் சிதறல், பறக்கிற களிமண் தட்டு. எங்கள் வங்கித் துப்பாக்கிக்குப் பணக்கார அண்ணன். குழல் மடிகிற கீல் அச்சில் கடுகளவு கிரீஸ், குழல் நுனிக் குறுகலில் படியும் பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுப்பது, அவ்வளவே அன்றாட வேலை. ஆனால் 20 போர் தோட்டா ஒன்று தவறி 12 போரில் விழுந்தால் உள்ளே வழுக்கிப்போய் மறைந்துகொள்ளும். காலி என்று நினைத்துப் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். அதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

உலகத் தரத்திலும் 'டிக்' வரும். 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கரின் கைத்துப்பாக்கி நடுவில் மக்கர் செய்தது. சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போனது. 575 புள்ளி, 12-வது இடம். இறுதிச் சுற்று இரண்டே புள்ளியில் தப்பியது. பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்க மூன்று வருடம் காத்திருந்தார். அபினவ் பிந்த்ராவுக்கு 2008 பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சூட்டில் முதல் குண்டு 4-ல் விழுந்தது. குறிகாட்டி நகர்ந்திருக்கிறது. பதறாமல் திருகித் திருகிச் சரிசெய்து, கடைசிக் குண்டை 10.8-ல் இறக்கினார். இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம். அந்த வீடியோவை என் பெண் எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. எனக்குப் பிடித்தது கடைசிக் குண்டு அல்ல, அந்த நாலு.

ஹவில்தார் அண்ணன் வங்கிப் பணியிலிருந்தும் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போன வருடம் மகள் வீட்டுக்கு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை ஸ்கந்தகிரி கோயிலில் எங்களைப் பார்த்துவிட்டு மெட்டுகுடா வீட்டுக்கு வந்தார். பெண் பெட்டியைத் திறந்து ரைஃபிளைக் காட்டினாள். தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார். காலியாக இருக்கிறதா என்று அவளையே திறந்து காட்டச் சொன்னார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

"எண்ணெய் எதுவும் போடலையே பாப்பா?"

"இதுக்குப் போடக்கூடாது மாமா" என்றாள்.